குழந்தை அழுதது என்று ஒரு முத்திரை

நான் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து போன மாதம் ஒரு போன் வந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் ஷில்பா பேசினாள். குழந்தைகள் வார்டுக்குக் கையடக்கமாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன அட்டையில் வைத்தால், ஒரு நிமிடத்தில் லேக்டேட் எவ்வளவு என்று காட்டிவிடுகிறதாம். ஐஸ் பெட்டி வேண்டாம், மாடிப்படியில் ஓட வேண்டாம், என்னைப் போன்றவனிடம் திட்டு வாங்கவும் வேண்டாம். உங்கள் ரப்பர் முத்திரையையும் தூக்கிப் போட்டுவிட்டோம் சார் என்று சிரித்தாள். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குப் பழைய நாட்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டாள்.

முத்திரை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது ஒரு குழந்தையிடமிருந்து ஏழு மாதத்தைப் பிடுங்கிக்கொண்டது. பெற்றவளிடமிருந்து அதைவிட அதிகமாகப் பிடுங்கியது. செய்தவன் நான். அதை எழுதுகிறேன். பழைய பெருமை படிக்க வேண்டுமென்றால் வேறு ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் அடுகோடியில் பிறந்தவன். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. எனக்குப் படிப்பு டிப்ளமாவோடு சரி. முதல் பத்து வருடம் சளி, சிறுநீர், சர்க்கரை என்று எல்லா ஆய்வகத்திலும் பார்ப்பதைத்தான் பார்த்தேன். பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வசுந்தரா ஒரு தனிப் பிரிவு தொடங்கினார். சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் சரியாகச் சக்தியாக மாறாத குழந்தைகளுக்கான பிரிவு. ரத்தக் குழாய்களை வெயில் படும் ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன ஒருவனை நான் வராந்தாவில் நின்று திட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். இந்த ஆளுக்குக் கோபம் வருகிறது, இவரையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்து என் கோபத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான்.

மேடம் மைசூர்க்காரர். எங்களுக்குள் பேச்செல்லாம் கன்னடத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சில் முனை நின்று நின்று போகும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். என்ன தவறு என்று சொல்ல மாட்டார். நாமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திட்டு வாங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் மறந்திருப்பேன். அந்தக் கேள்விக்குறி ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூட வரும்.

சேர்ந்த முதல் வாரத்தில் என்னை உட்காரவைத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சோறு என்றேன். அந்தச் சோறு இப்போது எங்கே என்று கேட்டார். வயிற்றில் என்றேன். இல்லை என்று சொல்லி, ஒரு தாளில் வரைந்து காட்டினார். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன். சோறு சர்க்கரையாக உடைகிறது. ரத்தம் அதை உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. செல் அந்தச் சர்க்கரையை இரண்டாகப் பிளக்கிறது. அந்தப் பாதித் துண்டுக்குப் பைருவேட் என்று பெயர். பிளப்பதில் கிடைக்கும் சக்தி ரொம்பக் கொஞ்சம். பெரும்பகுதி இன்னும் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுக்க, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்ன அறைகளுக்குள் துண்டு நுழைய வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் அங்கேதான் வேலைக்கு வருகிறது. தீயும் புகையும் இல்லாமல், படிப்படியாக, துண்டு எரிந்து முடிகிறது. தண்ணீரும் நாம் வெளியே விடும் கரியமில வாயுவும் மிஞ்சுகின்றன. நாம் மூச்சு விடுவதே இதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அறைக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. வாசல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அடுகோடி சிக்னல் வேலை செய்யாத நாளில் வண்டிகள் சந்து பொந்தெல்லாம் புகுந்து நிற்குமே, அதுதான். பைருவேட் போக வழியில்லாமல் லேக்டேட்டாக மாறி ரத்தத்தில் தேங்குகிறது. அதனால்தான் நாங்கள் லேக்டேட்டை அளந்தோம்.

ஆனால் அது சீக்கிரம் ஏமாற்றிவிடும் சரக்கு. ஓடினால் ஏறும். கையில் நாடாவை இறுக்கிக் கட்டினால் ஏறும். குழந்தை கத்தி அழுது, காலை உதைத்தால் கடகடவென்று ஏறும். குழாயில் பிடித்த பிறகும் ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. அதில் இருக்கும் செல்கள் சர்க்கரையைத் தின்று லேக்டேட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதனால் சாம்பல் மூடி போட்ட குழாய், அதற்குள் செல்லின் வாயைக் கட்டும் மருந்து, சுற்றிலும் ஐஸ். எடுத்த கால் மணிக்குள் ரத்தம் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியோடு நான் ஓடுவதைப் பார்த்து நர்சுகள் எனக்கு ஐஸ்காரர் என்று பெயர் வைத்தார்கள். ஐஸ்காரரே, எனக்கு ஒரு சேமியா ஐஸ் என்று ஒருத்தி தினமும் கேட்பாள். நானும் தினமும் முறைப்பேன்.

குழந்தை அழாமல் ரத்தம் எடுப்பதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு மணி நேரம் முன்னாலேயே மரத்துப்போகும் களிம்பைத் தடவச் சொல்வேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிடுவேன். குழந்தை அம்மா மடியில்தான் இருக்க வேண்டும். படுக்கையில் அமுக்கிப் பிடிக்க விடமாட்டேன். நாடா கட்ட மாட்டேன். என் கையை வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொண்டு அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். கொஞ்சுவதற்கு எனக்கு வராது. அதனால் பஸ் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்வேன். அடுகோடி, மடிவாளா, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி, கூட்லு கேட், சிங்கசந்திரா என்று. ஏன் என்று தெரியாது, குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். கூட்லு கேட் வருவதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

வார்டில் மற்றவர்கள் அப்படி எடுப்பதில்லை. நாலு பேர் அமுக்க, குழந்தை நீலம் பாரிக்கக் கத்த, எடுத்த ரத்தத்தை எனக்கு அனுப்புவார்கள். ஒருமுறை அப்படி வந்த எண்ணை வைத்து, நன்றாக இருந்த ஒரு பையனுக்குத் தீராத வியாதி என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவென்யூ ரோடுக்குப் போய் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தேன். 'குழந்தை அழுதது. இந்த அளவை நம்ப வேண்டாம். மறுபடி எடுக்கவும்.' சிவப்பு மை. பெரிய டாக்டர்களே அந்தச் சிவப்பைப் பார்த்தால் பதில் பேச மாட்டார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது உண்மை.

அதே சமயத்தில் ரத்தப் பரிசோதனைக்கான படிவத்தையும் புதிதாக அச்சடித்தோம். பழைய படிவத்தில் 'கடைசியாகச் சாப்பிட்ட நேரம்' என்று ஒரு வரி இருந்தது. யாரும் அதை நிரப்பியதே இல்லை. அதை எடுத்துவிட்டு, 'ரத்தம் எடுக்கும்போது அழுததா?' என்று போட்டேன். அச்சுக்குப் போகும் முன் மேடம் அந்த இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டார். எல்லாருக்கும் காலையில் வெறும் வயிற்றில்தானே எடுக்கிறோம் மேடம், தாளில் இடம் இல்லை என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி, உங்கள் பொறுப்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இனி அந்தக் குழந்தையின் கதை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. பெயர் யாழினி. நாலரை வயது. அப்பா செல்வம் ஹெப்பகோடி பக்கம் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். அம்மா மலர். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். குழந்தை திடீரென்று தள்ளாடுகிறது, விழுகிறது, சில நேரம் எழுப்பினாலும் எழுந்திருக்காமல் துவண்டு கிடக்கிறது என்று வார்டில் சேர்த்திருந்தார்கள். சேர்த்த அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வார்டிலேயே ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். லேக்டேட் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. படிவத்தில் அழுததா என்ற வரி காலியாக இருந்தது. வார்டுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்காத ரத்தம், வார்டில் எடுத்தது, அழாமலா இருந்திருக்கும்? முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

மறுநாள் காலை நானே போனேன். வெறும் வயிறு. குழந்தை அம்மா மடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்டாப்புகளைச் சொல்ல ஆரம்பித்ததும், ஹெப்பகோடி எப்ப வரும் என்று கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள். ஊசி இறங்கியபோது மலர் மெதுவாகச் சொன்னாள், "சார், சோறு துன்னாதான் இவளுக்கு இப்படி ஆவுது."

குழாய் பாதி நிறைந்திருந்தது. அதிலேயே கண்ணாக இருந்த நான், அதை டாக்டர்கிட்ட சொல்லும்மா என்றேன். சொன்னேன் சார், சோறு துன்னா யாருக்கும்மா கெட்டது வரும்னு சிரிக்கறாங்க என்றாள். நான் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

அளவு சரியாக இருந்தது. அந்த வாரம் மேடம் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தார். நானே அறிக்கையில் எழுதினேன்: முதல் மாதிரி எடுக்கும்போது குழந்தை அழுததால் அளவு கூடிவிட்டது, இரண்டாவதே சரி. கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். சத்துக் குறைவு, நன்றாக ஊட்டுங்கள், குளுக்கோஸ் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். குழந்தையை மலர் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நடக்கவில்லை. தலை நிற்கவில்லை. பேச்சு குழறியது. வீட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள், அன்றைக்கே மோசமாகிவிட்டது. வசுந்தரா மேடம் பழைய காகிதங்களைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முத்திரை அதில் சிவப்பாக, தெளிவாக இருந்தது.

மேடம் எப்போதும் பெற்றவர்களைத் தன் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, தான் எதிரே ஸ்டூலில் உட்காருவார். மலரையும் அப்படி உட்காரவைத்தார். அவருக்குத் தமிழ் பேச வராது என்பதால் நான் நடுவில் நின்று சொன்னேன். முதல் நாள் ரத்தம் எடுக்கும்போது குழந்தை ரொம்ப அழுததா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அழவே இல்லீங்களே சார்," என்றாள் மலர். "அழறதுக்கு அவளுக்குத் தெம்பு ஏது? சோறு ஊட்டி ஒரு மணி நேரம் கூட ஆவல. என் தோள்ல சாஞ்சிக்கினு கெடந்தா. ஊசி குத்தனதே அவளுக்குத் தெரியல."

இதை நான் கன்னடத்தில் சொல்ல வேண்டும். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து முத்திரையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மலர் வெளியே போன பிறகு, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். அழுததை நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. யாராவது சொன்னார்களா? இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். குரல் எப்போதும் போலவே இருந்தது. முத்திரை கையில் இருந்தது, அதனால் வந்தது. அந்த நாளுக்குப் பிறகு அதை நான் தொடவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் தொட்டிருக்கலாம்.

புதுப் பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கைக்கருவி நல்ல கருவியாகவே இருக்கட்டும். குழந்தை எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது என்று அது கேட்காது. நீங்கள் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் பதிலையும் கேளுங்கள். எனக்குப் பதில் கேட்காமலே கிடைத்தது. அதை டாக்டரிடம் சொல் என்று தள்ளிவிட்டுப் போனவன் நான்.

மறுநாள் காலை இரண்டு முறை எடுக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். வெறும் வயிற்றில் ஒன்று. சோறு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. குழந்தைக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள இரண்டு டாக்டர்கள் கட்டில் பக்கத்திலேயே நின்றார்கள். இந்த முறை பைருவேட்டும் பார்க்க வேண்டும். அதற்கு ரத்தத்தை ஜில்லென்று இருக்கும் அமிலத்தில் நேராக விட வேண்டும். குழாய்களை முந்தைய நாளே அமிலம் ஊற்றி, எடை போட்டு, எண் எழுதி வைத்தேன். ரத்தம் விழுந்ததும் மறுபடி எடை பார்த்தால்தான் எவ்வளவு விழுந்தது என்று தெரியும். விழுந்த உடனே சிவப்பு போய்க் காப்பித் தூள் நிறமாகிவிடும். பல வருடம் அதைப் பார்த்தவன். ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு எடையையும் இரண்டு முறை பார்த்தேன்.

வெறும் வயிற்றில் எடுத்தாயிற்று. தயிர் சாதம் ஒரு கிண்ணத்தில் வந்தது. நாலு வாய் போதும் என்றார் மேடம். மலர் கிண்ணத்தைக் கையில் வாங்கினாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு திருப்பி நீட்டினாள். தன்னால் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேடம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்து, "ஆ மாடு கந்தா", வாயைத் திற கண்ணு என்று கன்னடத்தில் சொல்லித் தானே ஊட்டினார். குழந்தை முதல் இரண்டு வாயை மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள். நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நாற்பது நிமிடத்தில் அவள் கண் சொருகத் தொடங்கியது. கழுத்து அம்மாவின் கை மேல் சாய்ந்தது. நான் ஸ்டாப்புகளைச் சொல்லவில்லை. அவளும் அழவில்லை.

வெறும் வயிற்றில் ஏறக்குறையச் சரியாக இருந்த அளவு, நாலு வாய்ச் சோற்றில் மூன்று மடங்காகியிருந்தது. பைருவேட்டும் கூடவே ஏறியிருந்தது. வாசலில்தான் அடைப்பு என்பதற்கு அது அடையாளம். தோலில் இருந்து செல் எடுத்து வேறு ஊருக்கு அனுப்பி, அங்கேயும் உறுதியாகி வருவதற்கு மாதக்கணக்கானது. மேடம் அதற்குக் காத்திருக்கவில்லை. கொழுப்பு அந்த வாசல் வழியாகப் போவதில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. அதனால் சோறு, சர்க்கரை எல்லாம் நிறுத்தி, அளந்து கொடுத்த முட்டை, தேங்காயெண்ணெய், நெய், கீரை. வாசலைக் கொஞ்சம் நெகிழ்த்தும் ஒரு வைட்டமின். வார்டிலேயே வைத்து, தினமும் ரத்தம் பார்த்துத் தொடங்கினோம்.

குழந்தை என்ன ஆனாள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில மாதத்தில் உட்கார்ந்தாள், பிறகு நின்றாள், பிறகு நடந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இடது காலில் ஒரு தாங்கி போட்டுக்கொள்கிறாள். பேச்சில் கொஞ்சம் இழுப்பு இருக்கிறது. ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரிதான். அந்த இழுப்பும் காலும் என்னால் வந்தவையா, நோயால் வந்தவையா? மேடத்திடம் ஒருமுறை கேட்டேன். தெரியாது என்றார். யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. அதற்காக நான் அவரை இன்றும் மதிக்கிறேன்.

இரண்டு முறை ரத்தம் எடுத்து முடிவு தெரிந்த அந்தச் சாயங்காலம் மலரிடம் சொல்ல வேண்டியிருந்தது. நீங்களே சொல்லுங்கள் என்று மேடம் என்னிடம் விட்டுவிட்டார். வார்டுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. போன தடவை நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டேன், நீ சொன்னது சரி, நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் என் பேச்சில் வேறு ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். "அப்ப நான் ஊட்டன சோறுதான் இவள இப்படிப் பண்ணிச்சா சார்?"

பிறகுதான் மற்றதைச் சொன்னாள். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு செல்வம் அவள் மேல்தான் பழியைப் போட்டிருக்கிறான். நீ ஒழுங்காச் சோறு போடல, அதான் பிள்ள இப்படி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிலயே எழுதிக் குடுத்துட்டாங்க என்று. அதனால் மூன்று வேளையும் மடியில் போட்டு, மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து ஊட்டியிருக்கிறாள். சோறு, மேலே குளுக்கோஸ் தண்ணீர். குழந்தை துவளத் துவள, இன்னும் பத்தவில்லை என்று இன்னும் கொஞ்சம். போன இரண்டு மாதமாக அவன் அவளோடு பேசுவதில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவானாம்.

"உன்னை ஊட்டச் சொன்னது என் கையெழுத்தும்மா," என்றேன். "நீ இல்ல. நான்."

அவள் குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, இதை எழுதித் தருவீங்களா சார், தமிழ்ல, அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று கேட்டாள்.

எங்கள் அறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் எழுதி ஆஸ்பத்திரித் தாளில் கொடுப்பது விதியில் இல்லை. நான் உள்ளே போய்த் தாளை எடுத்து எழுதினேன். மேடத்திடம் கொண்டுபோய் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு வரியாகச் சொல்லுங்கள் என்றார். பென்சிலை என் தமிழ் வரிகளின் மேல் வைத்துக்கொண்டார். நான் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, படிக்கத் தெரியாத எழுத்தின் மேல் பென்சில் முனை நகர்ந்தது. 'தவறு நேர்ந்திருக்கலாம்' என்ற இடத்தில் நின்றது. நேர்ந்திருக்கலாமா என்று கேட்டார். நான் அடித்துவிட்டு 'தவறு நேர்ந்தது' என்று எழுதினேன். அதற்குப் பிறகு பென்சிலை வைத்துவிட்டு, பேனாவை எடுத்துக் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: 'ஏழு மாதத்துக்கு முன் குழந்தை யாழினியின் ரத்தப் பரிசோதனையில் எங்கள் ஆய்வகத்தில் தவறு நேர்ந்தது. குழந்தைக்குப் பிறவியிலேயே ஒரு நோய் இருக்கிறது. சோற்றிலிருந்து சக்தி எடுக்க அவள் உடம்பால் முடியாது. இதை அவள் தாய் அப்போதே எங்களிடம் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் சொன்னபடிதான் அவர் ஊட்டினார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.' கீழே என் பெயர், அந்தோணி, சீனியர் டெக்னீஷியன். பக்கத்தில் மேடத்தின் கையெழுத்து.

மலரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள். "நான் குடுத்தா, அழுது எழுதி வாங்கினேன்னு நெனப்பாரு. நீங்களே குடுங்க. கீழ வண்டிகிட்ட நிக்கறாரு."

கீழே போனேன். செல்வம் பைக் மேல் சாய்ந்து, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஷிப்டு உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். நான் யார் என்று சொல்லித் தாளைக் கொடுத்தேன். விரலை வைத்து, வரி வரியாகப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினான். கேட்டைப் பார்த்து நடந்துபோய்விட்டான்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டியும் பிள்ளையும் மேலே இருக்க, இந்த ஆள் எங்கே போகிறான்? மேலே வந்து மலரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். நான் போகாமல் அங்கேயே நின்றேன்.

கால் மணி நேரம் இருக்கும். செல்வம் படியேறி வந்தான். கையில் ஓட்டல் பொட்டலம். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, மலர் முகத்தைப் பார்க்காமல், "காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலல்ல," என்றான்.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். "சோறா? இவ எதிர்ல எப்படிங்க துன்றது?"

அவன் குனிந்து அவள் மடியிலிருந்து குழந்தையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். வராந்தாக் கோடியில் இருந்த ஜன்னல் வரைக்கும் நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். விழித்துக்கொண்ட குழந்தைக்குக் கீழே போகும் வண்டிகளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

மலர் பொட்டலத்தைப் பிரித்தாள். எலுமிச்சைச் சாதம். முதல் வாயை எடுத்து ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள். அவள் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டு முடிக்கிறவரையில் அவன் திரும்பவில்லை.